காரையாற்றில் இறைத்த எள்

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆடி அமாவாசை. இடம், பாபநாசத்துக்கு மேலே காரையாறு. எனக்குக் கல்யாணமாகி மூன்றாவது ஆடி அது. நான் கும்பகோணத்துப் பெண். வாழ்க்கைப்பட்டது திருநெல்வேலி டவுணில், எப்போதும் அடுப்பு அணையாத ஒரு பெரிய குடும்பத்தில். என் கணவர் அப்போது மஸ்கட்டில் வேலையில் இருந்தார். அவர் இல்லாத வீட்டில், அவருடைய சொந்தக்காரர்களோடு நான் இருந்தேன். அவ்வளவுதான், இருந்தேன்.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலை ஒட்டிய காட்டில் குடில் போட்டுத் தங்குவது இந்தப் பக்கத்து வழக்கம். ஆற்றங்கரை முழுக்க ஓலைக் குடிலும் தார்ப்பாய்க் கூடாரமுமாக ஒரு ஊரே முளைத்துவிடும். நாங்களும் அண்டா, அரிசி மூட்டை, ஜமக்காளம் எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு சில நாள் முன்னதாகவே போய்விட்டோம். விடாத சாரல். ஈர விறகை ஊதி ஊதி எனக்குக் கண்ணெல்லாம் எரிச்சல். மற்றவர்களுக்குத் திருவிழா. சீட்டாட்டமும் சிரிப்புமாகக் குடில் கலகலத்தது. என் பேச்சு மட்டும் அவர்களுக்குத் தமாஷ். "சித்தி பேசுதது ரேடியோல செய்தி வாசிக்க மாதிரி இருக்குலா?" என்று என் கணவரின் அண்ணன் பிள்ளைகள் சொல்லிச் சிரிக்கும். நானும் சிரித்து வைப்பேன். பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டேன்.

எனக்கு அந்த அமாவாசையில் ஒரே ஒரு காரியம்தான் முக்கியமாக இருந்தது. என் அப்பாவுக்கு ஒரு கை எள்ளும் தண்ணீரும் விட வேண்டும்.

அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நான் அவருக்கு ஒரே பிள்ளை. அம்மா நான் குழந்தையாய் இருக்கும்போதே போய்விட்டதால் எனக்கு எல்லாமே அவர்தான். சாயங்காலம் வீட்டுக்குள் காலை வைக்கும்போதே "தண்ணி கொண்டாம்மா" என்பார். ஒரு செம்பை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுவார். என் கல்யாணம் முடிந்த சில மாதங்களில் அவரும் போய்விட்டார். பங்காளி வீட்டுப் பையன் ஒருவன் கொள்ளி வைத்தான். தலைத்திவசம் வரை செய்தான். அதோடு சரி. எல்லார் வீட்டிலும் முன்னோர்களுக்குத் தண்ணீர் விடுகிற அன்றைக்கு என் அப்பா மட்டும் வாசலில் நின்று "தண்ணி கொண்டாம்மா" என்று கேட்டுக்கொண்டே இருப்பது போல் எனக்குத் தோன்றும்.

முந்தின நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு பெரிய மாமாவிடம் கேட்டேன். இறந்துபோன என் மாமனாரின் அண்ணன் அவர். குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"பொம்பளப்பிள்ள எள்ளுத்தண்ணி எறைக்கப்படாதும்மா. அதுவும் புருசன் கடல் தாண்டிக் கெடக்கையில. ஆகாது" என்றார். கோபமாகக்கூட இல்லை. மழை வரும்போலிருக்கு என்று சொல்வது மாதிரி சொன்னார்.

பக்கத்தில் அத்தை, அதாவது என் மாமியார், முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. உண்மையைச் சொன்னால் பெரிய மாமா மேல் வந்ததைவிட அவர் மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. ஒரு வார்த்தை எனக்காகச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

அமாவாசை அன்று காலையில் ஆண்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து மாமனாருக்கும் தாத்தாமாருக்கும் தர்ப்பணம் செய்தார்கள். நான் வாழைக்காய் நறுக்கிக்கொண்டே பார்த்திருந்தேன். அவர்கள் எழுந்து போனதும் பொட்டலத்தில் மீந்திருந்த எள்ளை எடுத்து முந்தியில் முடிந்துகொண்டேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு மேல் அணையில் படகேறிப் பாணதீர்த்தம் அருவிக்குப் போவதாக ஏற்பாடு. ராமர் தன் அப்பாவுக்குத் திதி கொடுத்த இடம் அது என்பார்கள். அங்கே வைத்துச் செய்துவிடுவது என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

எல்லாரும் ஒரே படகில் கொள்ளவில்லை. இரண்டு படகாகப் பிரிந்தோம். அத்தை மட்டும் வரவில்லை. அவருக்கு ஜாதகத்தில் தண்ணீரில் கண்டம். டவுணில் குடியிருந்தும், ஆற்றுப் படித்துறையான குறுக்குத்துறைக்குப் போனால் படிக்கட்டில் உட்கார்ந்து செம்பில் மொண்டு ஊற்றிக்கொள்வாரே தவிர, முழங்காலுக்கு மேல் ஆற்றில் இறங்கியதே கிடையாது. "நீங்க போயிட்டு வாங்க. நான் பைய இங்கன உக்காந்திருக்கேன்" என்று கரையில் பைகளுக்குக் காவலாக உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் படகுப் பயணத்தை எப்படிச் சொல்ல? தண்ணீர் கரும்பச்சையாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் மலை. மேகம் இறங்கி மரங்களின் தலையைத் தொட்டுக்கொண்டு நின்றது. வழி முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது மலை விலகி இன்னும் கொஞ்சம் தண்ணீரைக் காட்டும். ஒரு வளைவு திரும்பியதும் தூரத்தில் அருவி தெரிந்தது, துவைத்த வேட்டியைப் பாறையில் காயப்போட்ட மாதிரி. படகில் ஒரே ஆரவாரம். அவ்வளவு அழகையும் பார்த்துவிட்டு "பாத்தீங்களா?" என்று கேட்க எனக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. அழகான இடத்துக்குத் தனியாகப் போகவே கூடாது என்று அன்றைக்கு நினைத்தேன்.

அருவிக்கரையில் கூட்டம். நான் பைய நழுவி, பாறைகளுக்குப் பின்னால் ஓடை மாதிரி தண்ணீர் வழிகிற ஒரு மறைவான இடத்துக்குப் போனேன். முடிச்சை அவிழ்த்தேன். மந்திரம் ஒன்றும் எனக்குத் தெரியாது. "அப்பா, தண்ணி" என்று மட்டும் சொல்லி, எள்ளும் நீருமாகக் கையிலிருந்து விட்டேன். அதுவரை எங்கே இருந்ததோ அவ்வளவு அழுகை. அப்பா செத்த அன்றுகூட, வந்தவர்களைக் கவனிக்கிற வேலையில், அப்படி அழவில்லை. அருவிச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்பதால் வாய்விட்டே அழுதேன்.

எவ்வளவு நேரம் அழுதேனோ, முகத்தைக் கழுவிக்கொண்டு படகு நிற்கிற இடத்துக்கு வந்தால், படகு இல்லை. ஆளும் இல்லை. கரையில் யாரோ விட்டுப்போன முறுக்குப் பொட்டலத்தை இரண்டு குரங்குகள் கிழித்துக்கொண்டிருந்தன.

முதல் படகில் இருப்பேன் என்று இரண்டாவது படகுக்காரர்களும், இரண்டாவதில் வருவேன் என்று முதல் படகுக்காரர்களும் நினைத்திருக்கிறார்கள். கத்திக் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. சாரல் வலுத்தது. வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. படகிலிருந்து இறங்கி அருவிக்கு நடந்த பாதையில் பார்த்த யானைச் சாணி ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் யானையைவிட வேறொன்றுதான் என்னைக் கொன்றது. நான் வரவில்லை என்பதை யார் முதலில் கவனிப்பார்கள்? மனதுக்குள் ஒவ்வொரு முகமாக நிறுத்திப் பார்த்தேன். ஒரு முகமும் தேறவில்லை. கவனிக்கக்கூடிய ஒரே ஆள் மஸ்கட்டில் இருந்தார். ராத்திரி பாத்திரம் கழுவ ஆள் தேடும்போதுதான் என் நினைவு வரும் என்று நினைத்தேன். பாறையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

தண்ணீரின் நிறமும் மலையின் நிறமும் ஒன்றாகிவிட்ட நேரத்தில் மோட்டார் சத்தம் கேட்டது. படகோட்டியும் இன்னும் ஒரே ஒரு ஆளும். கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது. நடுப்பலகையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது என் அத்தை.

"ஏளா... இருக்கியா?" என்று கண்ணைத் திறக்காமலே கத்தினார்.

"இருக்கேன் அத்தை!"

அப்போதுதான் கண்ணைத் திறந்தார். நடந்ததைப் பிறகு கொழுந்தன் மனைவி எனக்குச் சொன்னாள். இரண்டு படகும் கரைக்கு வந்ததும் அத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்திருக்கிறார். "எம் மருமவள எங்க?" என்று கேட்டிருக்கிறார். தப்பு யார் மேல் என்று ஆண்கள் தர்க்கம் பண்ணிக்கொண்டிருக்கும்போதே, "அண்ணாச்சி, படகத் திருப்பும்" என்று படகோட்டியிடம் சொல்லி ஏறி உட்கார்ந்துவிட்டாராம்.

நான் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். படகு கொஞ்ச தூரம் வந்தது. அத்தை என் உள்ளங்கையைப் பார்த்தார். ஈரத்தில் ஒன்றிரண்டு எள் ஒட்டியிருந்தது.

"எள்ளா?"

தலையை ஆட்டினேன்.

"ஒங்க அப்பாவுக்கா?"

"ஆமா அத்தை."

திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "மிச்சம் இருக்கா?" என்றார்.

முந்தியில் கொஞ்சம் இருந்தது. நான் புரியாமல் விழித்தேன்.

"எங்கய்யாவுக்கும் நான் ஒத்தப் பொம்பளப்பிள்ளதாம்ளா. எறைக்கட்டுமான்னு நானும் கேட்டேன். இதே மாதிரிதான் ஆகாதுன்னாவ. சரின்னு இருந்துட்டேன். இன்னைய வரைக்கும் ஒருத்தரும் அவுகளுக்கு ஒரு சொட்டுத் தண்ணி விடல." அரிசி புடைத்தபோது நிமிராத தலை இப்போதும் நிமிரவில்லை. ஏன் நிமிரவில்லை என்பது எனக்கு இப்போதுதான் விளங்கியது.

"அண்ணாச்சி, மோட்டாரச் செத்த நிப்பாட்டும்" என்றார்.

படகோட்டி நிறுத்திவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார். "ஆச்சி, பைய" என்று மட்டும் சொன்னார். நடு அணையில் படகு லேசாக ஆடியது. அத்தை ஒரு கையால் என் கையை வலிக்கிற அளவுக்குப் பிடித்துக்கொண்டு, மறு கையில் எள்ளை வாங்கி, விளிம்பைத் தாண்டிக் குனிந்தார். அவர் மணிக்கட்டு வரை தண்ணீருக்குள் போனது.

"என்ன சொல்லணும்ளா?"

"பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க அத்தை. அது போதும்."

சொன்னார். அந்த வீட்டில் அதுவரை நான் கேட்டிராத ஒரு பெயர். சொல்லிவிட்டுக் கையை வெளியே எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். அழுதாரா, சாரலா, இருட்டில் எனக்குத் தெரியவில்லை.

கரையில் பெரிய மாமா கொதித்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார். "நாந்தான் அருவித் தீர்த்தம் கொண்டாரச் சொல்லிச் செம்பு குடுத்துவிட்டேன். அதான் பிந்திட்டு."

"செம்ப எங்க?"

"தண்ணியோட போயிட்டு" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார்.

அதற்குப் பிறகு நாங்கள் அம்மாவும் மகளுமாக ஆகிவிட்டோம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். மறுநாளே குழம்பில் புளி பற்றவில்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னார். ஆனால் ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும், ஆண்கள் ஆற்றுக்குப் போன பிறகு, அடுக்களையில் எள் டப்பாவைத் திறந்து என் கையில் கொஞ்சம் போடுவார், தன் கையில் கொஞ்சம் எடுத்துக்கொள்வார். இருவரும் கிணற்றடிக்குப் போவோம். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

இப்போது அத்தை இல்லை. அவருக்கு முறையாகச் செய்யப் பிள்ளைகள் இருக்கிறார்கள், குறைவில்லாமல் செய்கிறார்கள். அவருடைய அய்யாவுக்குத்தான் யாரும் இல்லை. அதனால் முதலில் என் அப்பாவுக்கு விட்டுவிட்டு, முகம்கூடத் தெரியாத அந்த மனிதரின் பெயரையும் சொல்லி ஒரு கை தண்ணீர் விடுகிறேன். இந்த உலகத்தில் அந்தப் பெயரைச் சொல்கிறவள் இன்று நான் ஒருத்திதான். சொல்லி முடித்ததும், நடு அணையில் வலிக்க வலிக்க என் கையைப் பிடித்திருந்த அந்தப் பிடி, கொஞ்ச நேரம் என் கையிலேயே இருக்கிறது.