கடைசிக் குடம்

நான்காம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் என்னைச் சமாளிக்க முடியாமல் அம்மா என்னைத் தேவாலயத்துக்கு அனுப்பிவைத்தாள். நாங்கள் கும்பிடுவது மாரியம்மனை. ஆனால் மே மாதம் வந்துவிட்டால் ராஜபாளையத்துத் தாய்மார்களுக்கு எந்தச் சாமி என்பதெல்லாம் பெரிய விஷயம் இல்லை. காலை ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை பிள்ளைகளை யாராவது பிடித்து உட்காரவைத்தால் போதும், அவர்களுக்கு ஒரு கும்பிடு.

பத்து நாள் முகாம். வேப்பமரத்தடியில் ஜமுக்காளம் விரித்திருப்பார்கள். மரத்தில் கட்டிய பெரிய அட்டையில் ‘சமாதானமும் சேவையும்’ என்று எழுதியிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்த ஒரு கல்லூரி மாணவிதான் எங்களுக்கு டீச்சர். டீச்சரக்கா என்று கூப்பிடுவோம். கையை ஆட்டி ஆட்டி நாலு பாட்டு, ஒரு கதை, கலர் தாளில் ஒரு புறா, கடைசியில் பிஸ்கட்டும் ஆரஞ்சு ஜூஸும்.

அந்தப் பிஸ்கட் விஷயத்தில்தான் டீச்சரக்கா ஒரு வேலை செய்தார். முதல் நாள் முண்டியடித்துக்கொண்டு வரிசையின் முன்னால் போய் நின்றேன். அவர் பிஸ்கட் டப்பாவோடு என்னைத் தாண்டி நடந்து, வரிசையின் கடைசியில் நின்ற வாண்டுப் பையனிடம் போய் அங்கிருந்து கொடுக்க ஆரம்பித்தார். கடைசியில் நிற்பவர்களை முதலில் கவனிப்பதுதான் சேவை என்றார். என் முறை வந்தபோது கிரீம் பிஸ்கட் தீர்ந்து வெறும் பிஸ்கட்தான் இருந்தது. மறுநாள் நாங்கள் எல்லோரும் கடைசியில் நிற்பதற்காக அடித்துக்கொண்டோம். அதிலும் நான்தான் ஜெயித்தேன்.

முகாமின் கடைசி நாள் விழா. ஒவ்வொரு பிள்ளையும் மேடையேறித் தான் செய்த சேவை ஒன்றைச் சொல்ல வேண்டும், சிறந்ததற்கு முதல் பரிசு என்று அறிவித்தார்கள். பரிசு எனக்குத்தான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். சேவை மட்டும்தான் பாக்கி. மற்ற பிள்ளைகள் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள், தாத்தாவுக்குக் கால் அமுக்கினார்கள். எனக்கு அதெல்லாம் சில்லறைச் சேவையாகத் தெரிந்தது. செய்தால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒன்றைச் செய்ய வேண்டும்.

எங்கள் தெருவில் பதினொரு வீடு, ஒரு குழாய். கோடையில் எட்டு நாளைக்கு ஒருமுறைதான் நல்ல தண்ணீர் வரும். வருகிற நாளில் விடிந்ததுமே வீட்டுக்கு ஒரு குடத்தைக் கொண்டுவந்து வரிசையில் வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஆள் நிற்க வேண்டியதில்லை, குடம் நிற்கும். பழைய பிளாஸ்டிக்கை வாங்கிக்கொண்டு புதுக் குடம் கொடுக்கிற வண்டிக்காரர் ஒரு தடவை நீலக் குடங்களை மட்டுமே கொண்டுவந்ததால் தெருவில் எல்லாக் குடமும் நீலம், எல்லாம் ஒரே அளவு. அடையாளத்துக்கு ஆளாளுக்கு ஒரு குறி போட்டிருந்தார்கள். எங்கள் குடத்தில் பச்சைப் புள்ளி. வாத்தியார் வீட்டுக் குடத்தில் நகப்பாலிஷில் ஒரு பூ.

முதலில் நிற்கும் குடம் பெரியம்மாவுடையது. பெரியம்மா அப்பாவின் அண்ணன் மனைவி, எங்களுக்கு அடுத்த வீடு. எப்போது கொண்டுவந்து வைத்தாலும் அவள் குடம்தான் முதலில். அது வண்டிக்காரரிடம் வாங்கியதுமல்ல, ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைவீதியில் பேரம் பேசி வாங்கியது. பார்வைக்கு மற்றதைப் போலவே இருந்தாலும் தூக்கினால் கனம் தெரியும். அதில் மஞ்சளில் இரண்டு கோடு.

கடைசியில், ஒரு முழம் தள்ளி, சிவப்புக் கோடு போட்ட குடம் நிற்கும். தெருக்கோடியில் வாடகைக்கு வந்திருந்த அக்காவின் குடம் அது. அவர் பஞ்சு மில்லில் வேலை பார்த்தார். அவருடைய கணவர் நகராட்சியில் சாக்கடை அள்ளும் வேலையில் இருந்தார். மற்றவர்கள் தங்கள் குறியைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள். அந்தச் சிவப்புக் கோட்டை மட்டும் பெரியம்மாதான் போட்டாள், கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டில், பிரஷ்ஷை எட்டி நீட்டிப் பிடித்துக்கொண்டு. எல்லோரும் இரண்டு நடை பிடித்த பிறகுதான் அந்தக் குடம் குழாய்க்கு வரும். அதற்குள் தண்ணீர் நூலாகிவிடும்.

ஒருமுறை அந்தக் குடம் காற்றில் உருண்டுபோய் வாத்தியார் வீட்டுக் குடத்தில் முட்டிவிட்டது. அன்று குழாயைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினார்கள். அடுத்த இரண்டு முறை கடைசி வீட்டு அக்காவைக் குழாயடிக்கே விடவில்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று பெரியம்மா தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். குடத்தைப் பத்திரமாக வைக்கத் தெரியாவிட்டால் அப்படித்தான் என்று நானும் நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்திலும் பென்சிலைத் தொலைத்தால் வெளியே நிற்கவைப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு முகாம் கிடையாது. அன்றைக்குத் தண்ணீர் நாள். எல்லா வீட்டிலும் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. குழாயடியில் பதினொரு குடமும் வரிசையாக, ஆளில்லாமல் நின்றன. உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு ஒவ்வொன்றிலும் வெள்ளையாக ஏடு படிந்திருந்தது. பார்த்த மாத்திரத்தில் என் சேவை எனக்குக் கிடைத்துவிட்டது.

பக்கத்திலேயே அடிபம்பு. வீட்டிலிருந்து தேங்காய் நாரும் சோப்புத் தூளும் எடுத்துவந்தேன், செங்கல்லை உடைத்துப் பொடி பண்ணினேன். இரண்டு மணி நேரம், கை தோல் உரியத் தேய்த்தேன். உப்பு ஏடு பொருக்குப் பொருக்காகக் கழன்றது. அதன் மேல் போட்டிருந்த பெயிண்டும் கூடவே வந்துவிட்டது. மஞ்சள் கோடு, பச்சைப் புள்ளி, நகப்பாலிஷ் பூ, சிவப்புக் கோடு எல்லாம் போய், பதினொரு குடமும் கடையிலிருந்து இறக்கியதுபோல ஆகிவிட்டன. என் வேலையின் நேர்த்தியைக் கண்டு நானே அசந்துபோனேன்.

திரும்ப அடுக்கும்போதுதான் டீச்சரக்காவின் பிஸ்கட் வரிசை ஞாபகத்துக்கு வந்தது. சேவையில் பாதியில் நிற்பானேன்? எந்தக் குடம் யாருடையது என்று எனக்குத் தெரியும். கடைசிக் குடத்தை முதலில் வைத்தேன். பெரியம்மாவின் குடத்தைத் தூக்கிக்கொண்டுபோய் ஒரு முழம் தள்ளிக் கடைசியில் வைத்தேன். நடுவில் இருந்தவற்றையும் அப்படியே திருப்பிப் போட்டேன். எங்கள் குடம் ஆறாவது, எப்படித் திருப்பினாலும் ஆறாவதாகவே நின்றது. கடைசி வீட்டு அக்கா இன்றைக்கு முதலில் தண்ணீர் பிடிப்பார் என்று நினைக்கவே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பதினொரு மணிக்குக் குழாய் உறுமியது. பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். பளபளவென்று நின்ற குடங்களைப் பார்த்து ஒரு நிமிஷம் பூரித்துப்போனார்கள். வாத்தியார் வீட்டு அத்தை என் கன்னத்தைக்கூடக் கிள்ளினாள். அதற்கப்புறம்தான் குறிகளைத் தேடினார்கள். தண்ணீர் கொட்டித் தரையில் ஓடியது, ஒருத்தரும் குடத்தைத் தொடவில்லை.

“ஏட்டி, அந்தச் செவப்புக்கோட்டுக் கொடம் எது?” என்றாள் பெரியம்மா. தன் குடம் எது என்று கேட்காமல் அதை ஏன் முதலில் கேட்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

“எல்லாமே சுத்தமாயிருச்சு பெரியம்மா.”

“எடுத்த எடத்துலயேதான வச்ச?”

கேள்வி கேட்பதோடு பெரியம்மாவின் வேலை முடிந்துவிடும். பதிலுக்குக் காத்திருக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. “வரிச வரிசயாத்தான இருக்கு, பொறவு என்ன? அவவ எடத்துல இருக்குறதுதான் அவவ கொடம்” என்று சொல்லிக்கொண்டே முதல் குடத்தை எடுத்துக் குழாயில் வைத்தாள்.

“பெரியம்மா, அது ஒங்க கொடம் இல்ல” என்றேன்.

“எங்கொடம் எனக்குத் தெரியாதாக்கும். தள்ளு அங்கிட்டு.”

அவள் எடுத்ததும் மற்றவர்களுக்கு மூச்சு வந்தது. தங்கள் தங்கள் இடத்தில் இருந்ததை எடுத்துப் பிடித்தார்கள். அம்மாவும் வந்து ஆறாவதை எடுத்தாள். குடம் மாறியது எனக்குப் பெரிதாகப் படவில்லை, நீலம் நீலம்தானே. ஆனால் அந்த அக்காவின் குடம் முதலில் நிறைந்தும் அவர் முதலில் பிடிக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம். என் சேவை எங்கேயோ இடறிவிட்டது.

எல்லோரும் இரண்டு நடை பிடித்துப் போன பிறகு கடைசி வீட்டு அக்கா வந்தார். தள்ளி நின்ற குடத்தைக் கழுத்தில் பிடித்துத் தூக்கினார். தூக்கிய வேகத்தில் அப்படியே நின்றுவிட்டார். கீழே வைத்தார். மறுபடியும் தூக்கிப் பார்த்தார். பிறகு பெரியம்மாவின் வீட்டுப் பக்கம் பார்த்தார். அங்கே பெரியம்மா, திண்ணையில் இறக்கி வைத்திருந்த இந்த அக்காவின் குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டு வாசற்படி ஏறிக்கொண்டிருந்தாள்.

நான் ஓடிப்போய், “நாந்தேங்க்கா மாத்தி வச்சேன். ஒங்க கொடத்தைத்தான் மொதல்ல வச்சேன். அவியதான் தெரியாம எடுத்துட்டாக” என்றேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

அவர் என் கையைப் பிடிக்க வந்து, பிடிக்காமல் நிறுத்திக்கொண்டார். குனிந்து, ரகசியம்போல, “தாயி, ஆர்கிட்டயும் சொல்லீராத. ஒங்க அம்மாகிட்டகூடச் சொல்லீராத” என்றார்.

முந்தின வெள்ளிக்கிழமைதான் டீச்சரக்கா, செய்த உதவியைத் தம்பட்டம் அடிக்கக் கூடாது, அடக்கமாக இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார். முகாமுக்கு வராமலேயே இந்த அக்காவுக்கு இது எப்படித் தெரிந்தது என்று எனக்கு ஒரே ஆச்சரியம். சரி என்று தலையாட்டினேன். அவர் நூலாக வந்த தண்ணீரில் பாதிக் குடம் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

பெரியம்மாவின் வீட்டில் அன்று சாயங்காலமே குடம் கசிந்தது. “எம்புட்டுக் கனமான கொடம், தேச்சே எளைக்க வச்சுட்டாளே” என்று அம்மாவிடம் என்னைப் பற்றி ஒரு மூச்சு அழுதாள். ஓட்டையில் சோப்பை அடைத்து அந்தத் தண்ணீரையே குடித்தாள், குழம்பு வைத்தாள், ரசம் வைத்தாள். அதில் வைத்த ரசத்தை எங்கள் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினாள். நன்றாகவே இருந்தது.

அடக்கம் என்பது சொல்லக் கேட்பதற்குத்தான் சுலபம். மேடை ஒன்று காத்திருக்கும்போது அதைக் கடைப்பிடிப்பது பெரும்பாடு. இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாளிலிருந்து தெருவில் வீடு வீடாகப் போய், வெள்ளிக்கிழமை விழாவில் யாருக்கும் தெரியாத ஒரு சேவையைச் சொல்லப்போகிறேன், எல்லோரும் வரவேண்டும் என்று அழைத்தேன். கடைசி வீட்டுக்கும் போனேன். அந்த அக்கா மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“என்னன்னு சொல்லப்போற தாயி?” என்று கேட்டார்.

“வந்து கேளுங்களேன்” என்றேன். எனக்கு அப்போதே மேடைப் பேச்சின் சூட்சுமம் தெரியும்.

வெள்ளிக்கிழமை தேவாலய வளாகம் நிறைந்திருந்தது. பெரியம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு மூன்றாவது வரிசையில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். தெருவில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராகச் செடி, தாத்தாவின் கால், பூனைக்குப் பால் என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள். முதல் பரிசு இன்னும் யாருக்கும் போகவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்தேன். “எங்க தெருவுல பதினோரு கொடம்...” என்று தொடங்கினேன். பெரியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்தவரிடம், நம்ம பிள்ளை என்று சொல்வதுபோல என்னைக் காட்டினாள். “அதுல கடேசிக் கொடத்த நான்...”

அப்போதுதான் பார்த்தேன். கூட்டத்துக்கு அந்தப் பக்கம், வெளிக்கேட்டை ஒட்டி, வெயிலில் கடைசி வீட்டு அக்கா நின்றுகொண்டிருந்தார். முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். கண் என் மேலேயே இருந்தது. எவ்வளவு அடக்கமானவர் என்று நினைத்தேன். அவர் முன்னால் தம்பட்டம் அடிக்க எனக்கு வெட்கமாகிவிட்டது. ஜெயிக்கிற பிள்ளைக்குத் தோற்கவும் தெரிய வேண்டும் என்று பெருந்தன்மையோடு முடிவெடுத்தேன்.

“அதுல கடேசிக் கொடத்தையும் சேத்து எல்லாத்தையும் தேச்சு வச்சேன். இன்னொன்னும் செஞ்சேன். ஆனா அதைச் சொல்ல மாட்டேன். சொன்னா அது சேவை இல்ல” என்றேன்.

டீச்சரக்கா எழுந்து கைதட்டினார், கூட்டம் முழுவதும் தட்டியது. பெரியம்மா எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள். முதல் பரிசு எனக்குத்தான்.

கடைசி வீட்டு அக்கா மட்டும் கைதட்டவில்லை. கேட்டுக் கம்பியைப் பிடித்தபடியே மெல்லச் சரிந்து மண்ணில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டார். வெயிலில் நின்ற களைப்பு என்று நினைத்து, எனக்குக் கொடுத்த ஜூஸை எடுத்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து போவதற்குள் அவர் போய்விட்டார். அந்த வீட்டைக் காலி செய்யாமல் இருக்க முடியுமா, அடுத்த தண்ணீர் நாளில் குழாயடிப் பக்கம் வர முடியுமா என்று என் வாயிலிருந்து தெரிந்துகொள்வதற்காக மில்லில் லீவு சொல்லிவிட்டு வந்து நின்றவரை, என் பேச்சைக் கேட்கவே அவ்வளவு தூரம் வந்தவர் என்று வெகுகாலம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.