சுஷிக் கடையில் மடித்த இலை

வடக்கே தலைநகரில், முனிர்காவின் சந்து ஒன்றில், மொபைல் ரிப்பேர் கடைக்கு மாடியில், நாலே நாலு மேசை போட்ட சுஷிக் கடை ஒன்று இருந்தது. எனக்கு ஒன்பது வயதானபோது தாய்மாமா எங்களை அங்கே கூட்டிப்போனார். சாப்பிடத்தான் போகிறோம் என்று நம்பிப் போன ஒரே ஆள் நான்தான்.

மற்றவர்களுக்கு அது பெண் பார்க்கும் படலம். கடையை நடத்திய மணிப்பூர் அக்காவை மாமா கட்டிக்கொள்ள நினைத்தார். பெற்றவர்கள் இல்லாத மாமாவுக்கு அம்மாவின் சொல்தான் எல்லாம். அம்மாவோ இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கிவைத்திருந்துவிட்டு, "வந்து சாப்பிட்டுப் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். இதெல்லாம் வளர்ந்தபிறகு நான் துருவித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு என் பயமெல்லாம் பச்சை மீனைப் பற்றித்தான். சுஷி என்றாலே வேகாத மீன்தான் என்று மோதி பாக் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுப் பையன் சொல்லியிருந்தான்.

நல்லவேளை, மீன் வரவில்லை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய வாழையிலையை அக்கா ஆளுக்கொரு துண்டாக நறுக்கிப் போட்டாள். சின்ன மூங்கில் பாயில் கடற்பாசித் தாளை விரித்து, தாளித்த தயிர்சாதத்தைப் பரப்பி, நடுவில் வடுமாங்காய் வைத்துச் சுருட்டி, கத்தியை நனைத்து நனைத்து வெட்டினாள். ஒவ்வொரு துண்டின் தலையிலும் நொறுக்கிய மோர்மிளகாய். அடுத்த சுருளில் எண்ணெய்க் கத்தரிக்காய். தொட்டுக்கொள்ள இலையோரம் கொஞ்சம் சோயா சாஸ்.

"என்னல இது, சோத்தைப் பாய்ல வச்சுச் சுருட்டுதா?" என்று அம்மா மாமாவின் காதைக் கடித்தாள்.

"வாயில போட்டுட்டுப் பேசுக்கா" என்றார் மாமா. ஏசி ஓடியும் அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

அப்பா அரசாங்கக் கோப்பு பார்ப்பவர், எதையும் லேசில் ஆமோதிக்க மாட்டார். குச்சிகளோடு மல்லுக்கட்டித் தோற்று, கையால் எடுத்து வாயில் போட்டவர், "அச்சா!" என்றார். அதோடு தலையை நிமிர்த்தவே இல்லை. அம்மா கடற்பாசி வாடைக்கு மூக்கைச் சுளித்தாள். வடுமாங்காய் பல்லில் பட்டதும் கொஞ்சம் நிதானித்தாள், அடுத்ததை எடுத்தாள்.

"தீதி, காரம் ஜாஸ்தியா?" என்று அக்கா ஹிந்தியில் கேட்டாள்.

பரவாயில்லை என்பதுபோல "டீக் ஹை" என்றதோடு அம்மா நிறுத்திக்கொண்டாள். இலை காலியானதும் அம்மா அதை மடிக்காமலே கைகழுவப் போய்விட்டாள்.

அப்போதுதான் அம்மாவின் இலையிலிருந்து சோயா சாஸ் மேசை விளிம்புக்கு ஓடிவந்தது. பக்கத்தில் இருந்த என் புது ஃப்ராக்கில் சொட்டிவிட்டால் என்ன செய்வது? இலையின் இந்தப் பக்கத்தைத் தூக்கி அந்தப் பக்கமாக மூடிவைத்தேன்.

"அடிப்பாவி!" என்றார் மாமா. கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்த அக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது.

விருந்து உண்டவர் இலையைத் தன் பக்கமாக மடித்தால் உறவு தொடரட்டும் என்று அர்த்தம்; எதிர்ப்பக்கம் மடிப்பது சாவு வீட்டில். அம்மா வாயால் சொல்லமாட்டாள், இலையைப் பார் என்று மாமாதான் அக்காவிடம் சொல்லிவைத்திருந்தார். பாவம், அதற்காகவே இலை வாங்கிப் போட்டிருக்கிறாள்.

அம்மா திரும்பிவந்தாள். இலையைப் பார்த்தாள்.

"யாரு மடிச்சது?"

"நான்தாம்மா. சாஸ் கிர் ரஹா தா, கீழ சொட்டப் பாத்துச்சு."

அம்மா அக்காவை ஏறிட்டுப் பார்த்தாள். அக்காவின் கண் கலங்கியிருந்தது. அம்மா உட்கார்ந்து, நான் மூடிய இலையைப் பிரித்தாள். எதிர்ப்பக்கத்து நுனியைப் பிடித்துத் தன் பக்கமாக மடித்து, உள்ளங்கையால் இரண்டு முறை அழுத்தினாள். அக்கா துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா, இன்னொரு தட்டு கத்தரிக்காய் கிடைக்குமா என்று கேட்டார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஓர் இலைகூட மடிக்கத் தெரியாதவள் என்று எல்லார் முன்னாலும் அம்மா என் மானத்தை வாங்கிவிட்டாள் அல்லவா? வீடு வரும்வரை ஆட்டோவில் உம்மென்று வந்தேன். அத்தை அன்றைக்கு அழுதது, நான் பட்ட அவமானத்தைப் பார்த்து மனசு தாங்காமல்தான் என்று நினைத்தேன். அதனாலேயே அவளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.