வேங்கிக்கால் மொட்டை மாடியில் பதினேழு டிகிரி

திருவண்ணாமலைக்கு இந்த முறை நான் சாமி கும்பிடப் போகவில்லை. என் தங்கை செல்வியின் மகள் கயல்விழிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை மத்தியு, பிரான்ஸ்காரர். நான் தாய்மாமன். நான் போகாமல் அங்கே எதுவும் நடக்காது என்பது வேலூர் மாவட்டத்துக்கே தெரியும்.

அக்னி நட்சத்திரம். வேலூரில் காலை ஆறே காலுக்குப் பஸ் ஏறினேன். எண்பத்தைந்து கிலோமீட்டர், இரண்டே கால் மணி நேரம், டிக்கெட் எழுபத்தைந்து ரூபாய். வலது பக்கம் உட்காருங்கள், இடது பக்கம் வெயில் முகத்தில் அடிக்கும். வேங்கிக்கால் போகிறவர்கள் ஊருக்குள் போய் பஸ் ஸ்டாண்டில் இறங்க வேண்டாம். கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்பிலேயே இறங்கினால் ஆட்டோ செலவு மிச்சம். இதை டிரைவருக்கே நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

சம்பந்தி பியேர் செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். மனைவி இல்லை, காலமாகி நான்கு வருடம். பத்து மணிக்கு மத்தியுவோடு காரில் வந்து இறங்கினார். ஆறடி உயரம், பேச்சே இல்லை. கயலுக்குப் பிரெஞ்சு தெரிந்தும் அவளிடம் இதுவரை வணக்கத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லையாம். கையில் ஒரு ரெட் ஒயின் பாட்டில். மத்தியு பிறந்த வருடம் அவரும் அந்த அம்மாவும் சேர்ந்து வாங்கி, மகன் நிச்சயத்தன்று திறக்க வேண்டும் என்று இருபத்தொன்பது வருடம் நிலவறையில் வைத்திருந்தது. அதை அப்படியே கயல் கையில் கொடுத்தார்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்த பொருள் என்றால் நம் வீட்டில் என்ன செய்வோம்? செல்வி பாட்டிலுக்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, தேங்காய் பழத்தோடு வரிசைத் தட்டில் நிறுத்தி, ஹாலில் ஜன்னலோரமாக வைத்துவிட்டாள். புது வீடு, மேலே வெறும் தளம்தான், வெயில் அப்படியே கீழே இறங்கும். மதியம் இரண்டரைக்கு அந்த ஹாலில் காபி வைத்தால் ஆறாது.

சாப்பாடு முடிந்து கை துடைத்துக்கொண்டே பியேர் அந்தத் தட்டுப் பக்கம் போனார். பாட்டிலைத் தொட்டார். கையை எடுத்துவிட்டார். போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தரையையே பார்த்தார்.

கயல் என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ரூம் டெம்பரேச்சர்ல வச்சா போதும்னுதான் மத்தியு சொன்னார், மாமா. ரூம்லதான வச்சோம்?"

"அவங்க ஊர் ரூம் வேற, நம்ம ஊர் ரூம் வேற, கண்ணு."

"ஆறரைக்கு அவங்க அப்பா திறக்கணும். அது அவங்க அம்மா வாங்கினது. வீணாப் போச்சுன்னா நான் எந்த முகத்தோட அவர் பக்கத்துல உக்காருவேன்? ஏதாவது பண்ணுங்க மாமா."

பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஹோட்டல் ஸ்டோரில் நான் எட்டு மாதம் இருந்தவன். பெரிய பெரிய துரைமார்கள் எல்லாம் மெனு கார்டை மூடி வைத்துவிட்டு என்னைக் கேட்டுத்தான் பாட்டில் சொல்வார்கள். ஒன்பதாவது வரைக்கும்தான் படித்தேன், ஆனால் ஒயின் விஷயத்தில் என்னிடம் வாதாட ஆள் கிடையாது. விஷயம் இதுதான். ரூம் டெம்பரேச்சர் என்று எழுதிவைத்தவன் குளிர் தேசத்துக் கல்வீட்டில் உட்கார்ந்து எழுதியவன். அவன் ரூம் பதினாறிலிருந்து பதினெட்டு டிகிரி. நம் ஹால் அன்றைக்கு முப்பத்தெட்டு. அந்தச் சூட்டில் ஊற்றினால் சாராய நெடிதான் மூக்கில் ஏறும். அதற்காக ரொம்ப ஜில்லென்று ஆக்கினாலும் நாக்கு இழுத்துக்கொள்ளும், வாசனை வாயைத் திறக்காது.

பிரிட்ஜ் கதவைத் திறந்ததுமே செல்வி தடுத்துவிட்டாள். உள்ளே கோயில் பிரசாதம் இருக்கிறது என்றாள். அவள் வீட்டுக்காரர் அரசாங்க உத்தியோகம், வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாதவர். "மச்சான், என்ன வேணா பண்ணுங்க, மாடியில வச்சிப் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

நான் சீராகக் கொண்டுவந்த எவர்சில்வர் அண்டாவை மாடிக்கு ஏற்றினேன். தண்ணீர்த் தொட்டி நிழலில் வைத்து நிரப்பினேன். சூடு பார்க்க வீட்டில் காய்ச்சல் பார்க்கும் கருவிதான் இருந்தது. முக்கினால் முப்பத்தாறு காட்டியது. கரும்பு ஜூஸ் கடையில் நாற்பது ரூபாய்க்கு ஐஸ் கட்டி வாங்கி வந்து, மீதியைச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டு ஒரு துண்டு போட்டேன். உடனே 'லோ' என்று காட்டிவிட்டு நின்றுவிட்டது. முப்பத்திரண்டுக்குக் கீழே அதற்குப் படிப்பு பத்தாது.

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. மீன் தொட்டி. அலங்கார மீன் விற்கும் கடையில் கண்ணாடிக் குச்சி மாதிரி ஒன்று இருக்கும், பூஜ்யத்திலிருந்து ஐம்பது வரைக்கும் காட்டும். ஆட்டோ பிடித்தேன். ஊருக்குள் போய், காத்திருந்து, திரும்பி வர இருநூற்றைம்பது ரூபாய்.

"மீன் வளக்கறீங்களாண்ணே?" என்றார் டிரைவர்.

"மீனுக்கு இல்லப்பா, சம்பந்திக்கு."

"அவருக்குக் காய்ச்சலாண்ணே?"

"அவர் கொண்டாந்த பாட்டிலுக்கு."

அதற்குப் பிறகு அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தபடியே ஓட்டினார். கருவி அறுபது ரூபாய். பழுப்பு மீன் படம் போட்டிருந்தது.

நாலு மணிக்கு வேலை தொடங்கியது. பாட்டிலைத் திடீரென்று ஐஸில் போடக் கூடாது. முதலில் இருபத்தெட்டு டிகிரித் தண்ணீர். அரை மணி கழித்து இன்னும் கொஞ்சம் ஐஸ், இருபத்திரண்டு. அப்புறம் பதினேழு. பதினேழிலேயே முக்கால் மணி நேரம் நிறுத்திவைத்தால் உள்ளே இருப்பதும் பதினேழுதான், மூடியைத் திறந்து பார்க்கவே வேண்டாம். ஏறினால் ஒரு கை ஐஸ், இறங்கினால் ஒரு சொம்பு குழாய்த் தண்ணீர். பழைய ஒயினில் அடியில் கசடு இருக்கும், ஆட்டினால் கலங்கிவிடும். ஆகவே பாட்டிலைக் கழுத்தோடு பிடித்தபடி இரண்டரை மணி நேரம் குந்தியிருந்தேன். இந்தக் கை அசைந்திருந்தால் என்னைக் கேளுங்கள். காலையிலிருந்து செல்வி அதை நிற்கவைத்திருந்ததும் நல்லதாகவே போயிற்று, கசடு அடியில் உட்கார்ந்துவிட்டது.

ஐந்தரை இருக்கும், பியேர் மாடிக்கு வந்தார். அண்டாவைப் பார்த்தார். மீன் தொட்டிக் கருவியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திரும்பத் தண்ணீரில் விட்டார். கீழே போகவில்லை. பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். ஐஸ் போடும் வேலையை அவர் எடுத்துக்கொண்டார். ஒரு மணி நேரம் நாங்கள் பேசிய மொழி விரல் கணக்குதான். பதினெட்டு என்று நான் காட்டினால் ஒரு துண்டு போடுவார்.

ஆறரைக்கு எல்லோரும் மாடியில் கூடினார்கள். மலை பின்னால் கறுத்துக்கொண்டிருந்தது. தங்கை வீட்டுக்காரரும் வந்து ஓரமாகக் கை கட்டி நின்றார். பியேர் தக்கையை எடுத்து, கண்ணாடிக் குவளையில் இரண்டு விரல்கடை ஊற்றினார். மோந்தார். கொஞ்சம் குடித்தார். கண்ணை மூடியவர் திறக்கவே இல்லை. கயல் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நகம் உள்ளே இறங்கியது.

கண்ணைத் திறந்து கயலைப் பார்த்துப் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். அவள் அழுதாள். போச்சு என்று நினைத்தேன்.

"என்ன கண்ணு, கெட்டுப்போச்சா?"

"இல்ல மாமா. 'அவ வாங்கினப்ப எப்படி இருக்கும்னு சொன்னாளோ அப்படியே இருக்கு, மகளே'ன்னு சொல்றார்."

எனக்கும் அரைக் குவளை கொடுத்தார். தாய்மாமன் மரியாதை, மறுக்க முடியுமா?

நீங்களும் இப்படி ஒரு விசேஷத்துக்கு வெயில் காலத்தில் திருவண்ணாமலை வருவதாக இருந்தால் பௌர்ணமியைத் தவிர்த்துவிடுங்கள், ஆட்டோ நகராது. கிரிவலப் பாதையில் பாட்டிலும் கையுமாக நடக்காதீர்கள், அது மரியாதை இல்லை. ஒயின் கொண்டுவந்தால் பதினாறில் எடுங்கள். நம் ஊர்க் காற்றில் குவளைக்கு வருவதற்குள் இரண்டு டிகிரி ஏறிவிடும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மொத்தச் செலவு முந்நூற்றைம்பது ரூபாய்.

பெரிய ஹோட்டல்களில் இதற்கென்றே அலமாரி இருக்கிறது, லட்ச ரூபாய் சொல்கிறார்கள். இருக்கட்டும். அலமாரியில் வைத்திருந்தால் அந்த மனிதர் என் எதிரே தரையில் உட்கார்ந்திருக்க மாட்டார்.