விமானப் படிப்பும் பல்லாவரம் அத்தையும்

எழுபதுகளின் தொடக்கம். விருத்தாசலத்தில் பி.யூ.சி. முடித்த கையோடு, விமானம் கட்டும் படிப்புத்தான் படிப்பேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா பீங்கான் தொழிற்சாலையில் சூளை வேலை பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

"அது எங்க இருக்குது? படிச்சா வேலை கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த இரண்டு கேள்விகளையும் டீக்கடையில் கேட்டார், மங்கலம்பேட்டை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் கேட்டார். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங்க ஏரோப்ளேனு?" என்றவர்களிடம் சண்டைக்குப் போகாமல் எழுந்து வந்தார். கடைசியில் தொழிற்சாலை இன்ஜினியர்தான் வழி சொன்னார்.

"மெட்ராஸ்லயே இருக்குது. சர்க்கார் காலேஜு, ஃபீஸு உங்களால முடியும். முடிச்சா பெங்களூருல நல்ல வேலை. அப்ளிகேஷன் போட்டுப் பாருங்க."

இன்டர்வியூவில் எனக்கு இடம் கிடைத்தது. ஆனால் அந்த வருஷம் ஹாஸ்டலில் பெண்களுக்கு இடமில்லை என்றார்கள். வெளியே அறை எடுத்துத் தங்க அப்பாவின் சம்பளம் தாங்காது. அவர் என்னை நேராகப் பல்லாவரத்தில் இருந்த தன் தங்கை வீட்டுக்கு அழைத்துப் போனார்.

அத்தைக்கு ஒரே அறை. அதில் மாமா, மூன்று பிள்ளைகள், படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியார். விஷயத்தைக் கேட்டதும் அத்தை, "இங்கயே இருக்கட்டும்ண்ணே. என் புள்ளைங்களோட படுத்துக்கும்" என்றாள். மாமாவும் தலையசைத்தார்.

மறுநாள் விடிந்ததும் மொட்டைமாடிக்குப் போனேன். மீனம்பாக்கத்தில் இறங்க வந்த விமானம் ஒன்று என் தலைக்கு மேலே தாழ்ந்து போனது. அதன் சக்கரங்களை அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன். உடம்பெல்லாம் அதிர்ந்தது. கீழே இறங்கி வந்தபோது மாமா தெருவாசலில் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எங்களுக்கு இடம் விட்டு, அவர் வெளியே படுத்திருக்கிறார்.

திரும்பும்போது ரயிலில் அப்பா கேட்டார். "நீயே சொல்லு. என்ன செய்யலாம்?"

"வேணாம்ப்பா. நம்மூர்லயே செராமிக் டிப்ளமோ சேர்ந்துக்கிறேன்."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டிப்ளமோ முடித்ததும் அப்பாவின் தொழிற்சாலையிலேயே, மின்கம்பங்களுக்கான பீங்கான்களைச் சோதிக்கும் பிரிவில் சேர்ந்தேன். குறை சொல்ல முடியாத வேலை. ஆனாலும் வானத்தில் சத்தம் கேட்டால் கையில் இருப்பதை வைத்துவிட்டு முற்றத்துக்கு ஓடுவேன். அந்த வருஷம் என் இடத்தில் சேர்ந்தது யாரோ, இப்போது பெங்களூரில் என்ன செய்துகொண்டிருக்கிறாரோ என்று நினைப்பேன்.

சில வருஷம் கழித்து, மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். சாப்பிட்டுக் கை கழுவும்போது என்னிடம் சொன்னாள்: "அன்னிக்கு நீ வந்திருக்கலாம்டி. எப்படியாவது வெச்சுக் காப்பாத்தியிருப்பேன்."

"தெரியும் அத்தை" என்றேன். கை துடைக்கத் துண்டை எடுத்து நீட்டினேன். கூடத்தில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து தெருப்பக்கம் போய் நின்றுகொண்டார்.