எடைமேடைக் கணினியும் தனசேகரன் வைத்த பொட்டும்

தனசேகரன் இறந்த செய்தி நம் ஆலை வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது கும்மிடிப்பூண்டி ரயிலில் இருந்தேன். பொன்னேரி வருவதற்குள் கைகூப்பும் படங்கள் குவிந்துவிட்டன. தங்கமான மனிதராம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆலையின் கணினிப் பிரிவில் அவரோடு பல வருடம் குப்பை கொட்டியவள் என்பதால் நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன், பிறகு என்னைத் திட்டாதீர்கள்.

அவருடைய வைத்தியம் உங்களுக்குத் தெரியும். எந்தக் கணினி படுத்தாலும் ராம் என்கிற நினைவகத் தகட்டைக் கழற்றி, சட்டைப் பையிலிருக்கும் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டுவார். பல நேரம் அது எழுந்தும்விடும். உடனே எங்களைப் பார்த்து, “மெஷினு தப்பு பண்ணாதுமா, ஆளுதான் பண்ணும்” என்பார். அந்த ஆள் ஒருநாளும் அவராக இருந்ததில்லை.

லாரிகளை நிறுக்கும் எடைமேடைக்குப் புதிதாக ஒரு கணினி பூட்டினோம். மூடும் முன் மதர்போர்டின் மூலையில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அந்தக் கணினி அரை மணிக்கு ஒருமுறை தானாக அணைந்து எழுந்தது. லாரிகள் வாசல்வரை நின்றன. ரப்பர் தோற்றது. என்னைப் போலவே ஒப்பந்தத்தில் இருந்த ஸ்டெல்லா, பவர் சப்ளையை மாற்றினாள், ராமை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள், பேட்டரியைக் கழற்றி மாட்டினாள். கடைசியில், கணினி விழித்ததும் முதலில் ஓடும் பயாஸ் நிரல் பழையது, புதுப் பிராசசரோடு ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடித்தாள். இரண்டு நாள் உழைப்பு அது.

அந்த போர்டு ஒரே பெயரில் இரண்டு பதிப்பாக வரும். மூலையில் அச்சிட்ட எண்ணைப் பார்த்துத்தான் பயாஸ் கோப்பை எடுக்க வேண்டும். எண்ணின் கடைசி இலக்கத்தின் மேல் பொட்டு இருந்தது.

“அண்ணா, நம்பர் தெரில. தொடச்சிட்டுப் பாத்துக்கறேன்.”

“இன்னாமா, சாமிக்கு வச்சத தொடைக்கிறியா? எல்லா போர்டும் ஒண்ணுதான். ஏத்துமா, வெளில லாரிக்காரன் கத்திக்கினு இருக்கான்.”

ஏற்றினாள். அது மற்ற பதிப்பின் கோப்பு. கணினி அணைந்தது, எழவில்லை. மேலாளர் வரும் சத்தம் கேட்டதும் தனசேகரன் கைக்குட்டையால் அந்தப் பொட்டைத் துடைத்தார். பதற்றமே இல்லை, மூக்குக் கண்ணாடியைத் துடைப்பது போலத் துடைத்தார்.

“நம்பர் பளிச்சுனு இருக்குது சார். பாக்காம ஏத்திடுச்சு இந்தப் பொண்ணு.”

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். மேலாளரும் என்னைத்தான் கேட்டார், “நீ பாத்தியாமா?” அந்த மாதம் எங்கள் இருவரில் ஒருவருக்கு நிரந்தர வேலை. பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டியவர் தனசேகரன்.

“கவனிக்கல சார்” என்றேன்.

மறுநாள் அவள் கேட்டைத் தாண்டி வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது காட்டுப்பள்ளிப் பக்கம் எங்கோ வேலை. ரயில் நிலையத்தில் என்னைப் பார்த்தால் வேறு பெட்டிக்குப் போய்விடுவாள்.

உங்கள் தங்கமான மனிதரை நான் மன்னிக்கவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவர் கையெழுத்தில் வந்த இந்த வேலை. இதில்தான் என் பிள்ளைகள் படித்தார்கள். அவர் உயிரோடு இருந்தவரை அவருக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவர் ஓய்வுபெற்று ஆறு வருடமாயிற்று.

ஸ்டெல்லா, நான் பார்த்தேன்.