தறிக்காரருக்கென்று ஒதுக்கிய சொல்

ஆரணியில் ஒரு பட்டு மொத்த வியாபாரியிடம் இரண்டு ஆண்டுகள் ஆங்கிலக் கடிதம் எழுதும் வேலை பார்த்தேன். படித்தது பொறியியல். அதற்கு முன் சென்னையில் மென்பொருள் சோதிக்கும் வேலை. அங்கே ஒவ்வொரு பிழைக்கும் அதன் கடுமை என்ன என்று குறிக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் கடையின் பழைய கடிதங்களைப் படித்து ஒரு பட்டியல் போட்டுக்கொண்டேன்.

முதலாளி தவறு செய்தால் ‘ஓவர்சைட்’. கண்ணுக்குத் தப்பிவிட்டது, அவ்வளவுதான். யாரும் செய்யவில்லை, அதுவாக நடந்தது. சாயப்பட்டறைக்காரர் செய்தால் ‘லாப்ஸ்’, சின்னச் சறுக்கல். தறிக்காரர் செய்தால் ‘நெக்லிஜென்ஸ்’, அலட்சியம். இந்தச் சொல்லில் மட்டும்தான் ஆள் இருந்தார், அவருக்கு ஒரு கெட்ட குணமும் இருந்தது. சேலை வாங்கும் கடைக்காரர் தவறு செய்தால் சொல்லே கிடையாது. நாங்களே வருத்தம் தெரிவித்துவிடுவோம். இதை நாகரிகம் என்று நம்பி, நன்றாகவே எழுதினேன்.

பக்கத்து ஊரான முள்ளிப்பட்டில் வீட்டுத் தறி வைத்திருந்த ஒரு அம்மா எங்களுக்கு நெய்தார். நீளவாக்கில் ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் சாயமிட்டே நாங்கள் கொடுப்போம். நிறத்தில் அவருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. ஒரு முறை மாம்பழ மஞ்சள் ஊடை பாதியில் தீர்ந்துபோக, வேறொரு நாள் சாயமிட்ட பட்டு நூலை எடுத்து முதலாளி நீட்டினார்.

“இது அந்த மஞ்சள் இல்லீங்களே. நெய்ஞ்சா நடுவுல பட்டை வுழும்.”

“கடை வெளிச்சத்துல அப்டித்தான் தெரியும். கல்யாண சீசன், ஜல்தியா முடிம்மா.”

நான் பக்கத்து மேசையில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சேலையின் நடுவில் நிறம் மாறிப் பட்டை விழுந்தது. பெங்களூர்க் கடையிலிருந்து மின்னஞ்சல் வந்தது: ஏற்கவே முடியாது, ஆழ்ந்த ஏமாற்றம், எந்தத் தறி என்று சொல்லுங்கள், அதை நிறுத்தியதாக எழுதிக் கொடுங்கள்.

“தறி மேல போட்டுடும்மா” என்றார் முதலாளி. “தறிக்காரங்க இன்னா இங்கிலீஷ் படிக்கவா போறாங்க?”

நெசவாளரின் அலட்சியம், இனி அந்தத் தறிக்குப் பாவு கிடையாது என்று எழுதினேன். நான்கு வரி. தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிட்டேன்.

அடுத்த வாரம் அந்த அம்மா பாவு வாங்க வந்தார். முகத்துக்கு நேரே திட்ட முதலாளிக்குத் தைரியம் இல்லை. திட்டினால் ‘நீ குடுத்த பட்டுதானே’ என்று பதில் வரும், தெருவே கேட்கும். “பெங்களூர்ல வேணான்னுட்டாங்க” என்று என் பக்கம் கையைக் காட்டினார்.

“லெட்டர்ல என்னப் பத்தி இன்னா எழுதிகீது? படிம்மா.”

“இங்கிலீஷ்ல இருக்குதுங்க.”

“அதான் உன்னாண்ட கேக்கறேன். எனக்குத் தெரிஞ்சா உன் தயவு எதுக்கு?”

தமிழில் சொன்னேன்.

“அலட்சியமா? எவ எழுதனா?”

“நான்தாங்க.”

“அன்னிக்கு இங்கதான உக்காந்துகினு இருந்த? நான் சொன்னது காதுல வுழல?”

“விழுந்ததுங்க.”

“அப்ப அதையும் எழுது.” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பேஜார் பண்ணாதம்மா, கெளம்பு” என்றார் முதலாளி. அந்த அம்மா அசையவில்லை.

நிற வேறுபாட்டை நெசவாளர் முன்பே சுட்டிக்காட்டினார், மீறி நெய்யச் சொன்னது நாங்கள் என்று பெங்களூருக்கு எழுதினேன். ‘ஓவர்சைட்’ என்று கை தானாக அடித்தது. அழித்துவிட்டு ‘நெக்லிஜென்ஸ்’ என்று போட்டேன். ஒவ்வொரு வரியையும் தமிழில் படித்துக் காட்டினேன்.

“வெறும் மஞ்சள்னு போடாத. மாம்பழ மஞ்சள்னு போடு.”

“அதை அனுப்பிட்டு நாளைக்கு வேலைக்கு வராத” என்றார் முதலாளி.

அனுப்பினேன். மறுநாள் போகவில்லை.

சில மாதங்கள் கழித்து அந்த அம்மாவைச் சந்தையில் பார்த்தேன். என் கடிதத்தைப் படித்த பெங்களூர்க்காரர்கள் அந்தத் தறியே நெய்யட்டும் என்று சொல்லிவிட்டார்களாம். முதலாளி ஆள் மூலம் பாவு அனுப்பியிருக்கிறார். தப்பு யாருடையது என்று அவரே வந்து தெருவில் நின்று சொன்னால்தான் தறியில் ஏற்றுவேன் என்று இவர் திருப்பி அனுப்பிவிட்டார்.

“வந்தாருங்களா?”

“அவரா?” என்றார். “வேற கடைப் பாவு ஏத்தி மூணு சேலை நெய்ஞ்சு அறுத்துட்டேன்.”

என்னை வீட்டுக்குக் கூப்பிடவில்லை. கத்திரிக்காயைப் பொறுக்கப் போய்விட்டார்.