ராஜம்மா மூடிய கண்கள்

எங்கள் கூடத்தில் செத்தவர்களுக்கு வண்ணம் பூசியவர் ராஜம்மா ஒருவர்தான். மற்ற பதினோரு பெண்களும் அந்தத் தட்டைத் தொடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

என் பெயர் உத்தமன். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். திருமழிசைத் தொழிற்பேட்டையின் பின்வரிசையில் தகரக் கூரை போட்ட ஒரு கூடத்துக்கு மேற்பார்வையாளன். கட்டைவிரல் உயரத்துக்கு உலோகத்தில் வார்த்த மனிதர்கள் எங்களிடம் மூட்டை மூட்டையாக வருவார்கள். அவர்களுக்குச் சட்டை, மீசை, துப்பாக்கி எல்லாம் தீட்டி, மரப்பலகை மேல் ஊரும் மலையும் செய்து, அதில் நிறுத்தி, வெளிநாட்டு அருங்காட்சியகங்களுக்கு அனுப்புவோம். யார் யாரோ எப்போதோ போட்ட சண்டைகள். எங்களுக்கு அதில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று எதுவும் கிடையாது. படத்தில் நீலம் என்றால் நீலம், சிவப்பு என்றால் சிவப்பு.

போன வருஷம் ஸ்பெயினில் ஒரு சின்ன அருங்காட்சியகத்திலிருந்து லாகார் சண்டை வந்தது. லாகார் என்பது ஒரு கிராமம். ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தைந்து, பிப்ரவரி மாதம். அரியணை யாருக்கு என்று ஒரே அரச குடும்பத்துக்குள் பங்காளிச் சண்டை, அதற்கு நாடே இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டது. அரசுப் படை அந்தக் கிராமத்தைப் பிடித்துத் தங்கியிருக்கிறது. எதிரி ஒழிந்தான் என்று நினைத்து அசந்திருந்த நேரத்தில் எதிரி மலைப்பக்கமிருந்து வந்து விழுந்துவிட்டான். செத்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஆயிரம் பேர். பக்கத்தில் இருந்த ராஜாவே மயிரிழையில் தப்பினாராம். இதையெல்லாம் எனக்குப் படித்துச் சொன்னது நிஷா. முகப்பேரிலிருந்து வரும் பெண், எங்கள் அலுவலகத்தில் படம் போடுவதும் வெளிநாட்டுக் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதும் அவள் வேலை.

எங்களுக்கு வந்த மூட்டையில் உயிருள்ளவர்கள் முந்நூறு பேர், செத்தவர்கள் அறுபத்து நான்கு பேர். அந்த அறுபத்து நான்கில்தான் வம்பு. கூடத்தில் வண்ணம் பூசும் ரேணுகாவின் மகளுக்குக் கல்யாணம் குறித்திருந்தது, அவர் மாட்டேன் என்றார். இன்னொரு பெண் முழுகாமல் இருந்தாள். மீதிப் பேருக்கு வெள்ளிக்கிழமை, அமாவாசை, மாமியார் என்று ஆளுக்கொரு காரணம்.

"அது வெறும் உலோகம்மா" என்று கத்தினேன்.

"உலோகம்தான் சார்" என்றார் ரேணுகா. "எங்க ஊட்ல புள்ளையாரும் உலோகம்தான். கும்புடறோமா இல்லியா?"

அதற்குள் ராஜம்மா எழுந்து வந்து தட்டைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் மேசையில் வைத்துக்கொண்டார். "எனக்கு இன்னா சார், நான் பாக்காததா" என்றார். அவ்வளவுதான்.

ராஜம்மாவுக்கு ஊர் குத்தம்பாக்கம். அப்பா அம்மா இரண்டு பேரும் பிறத்தியார் வயலில் கூலி வேலை செய்தவர்கள். பதினான்கு வயது வரை இவரும் நாற்று நட்டார். பிறகு வயல்கள் மனைகளாயின, நட வயல் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வண்டிப் பாகக் கம்பெனியில் ஒப்பந்தத்தில் சேர்ந்தார். சோதித்து முடித்த ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் மஞ்சள் பெயிண்டில் ஒரு புள்ளி வைக்க வேண்டும், அதுதான் வேலை. ஒன்பது வருஷம் அந்த ஒரு புள்ளியை வைத்திருக்கிறார். அந்தக் கை எங்களிடம் வந்தபோது, கடுகில் பாதி அளவுக் கண்ணுக்குள் கருவிழி வைக்க அவருக்குக் கற்றுக்கொடுக்க எதுவும் இல்லை. கணவர் தங்கவேல் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டினார். எட்டு வருஷத்துக்கு முன்னால் பெங்களூர் சாலையில் விபத்தில் போய்விட்டார். அதற்குப் பிறகு மகள் பவ்யாவை நர்ஸிங் படிக்க வைத்ததும் இந்தக் கைதான். ஒரு நாள்கூட லீவு கேட்டு என்னிடம் நின்றதில்லை.

பத்து நாளில் அறுபத்து நான்கு பேரையும் முடித்துவிட்டார். நிஷா படம் எடுத்து அனுப்பினாள். இரண்டு நாளில் பதில் வந்தது. குதிரை நன்றாக இருக்கிறது, சேறு நன்றாக இருக்கிறது, எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் இறந்தவர்கள் எல்லோருக்கும் ஏன் கண் மூடியிருக்கிறது என்று கேட்டிருந்தார்கள். திடீரென்று தாக்கப்பட்டவர்களின் அதிர்ச்சி கண்ணில் தெரிய வேண்டும், வார்ப்பிலும் கண் திறந்துதானே இருக்கிறது, திருத்தி அனுப்புங்கள்.

தட்டைப் போய்ப் பார்த்தேன். எனக்கே அப்போதுதான் உறைத்தது. அறுபத்து நான்கு பேருக்கும் மேல் இமையைத் தோல் நிறத்தில் இறக்கி, அடியில் மயிரிழை மாதிரி ஒரு கோடு இழுத்து, ஒழுங்காக மூடியிருந்தார் ராஜம்மா.

"ராஜம்மா, கண்ணெல்லாம் தொறக்கணுமாம்."

"எதுக்கு சார்?"

"படத்துல அப்படித்தான் இருக்கு. உங்களை யாரு மூடச் சொன்னா?"

"செத்தவங்க கண்ண மூடறதுக்கு யாராச்சும் சொல்லணுமா இன்னா?" என்றார். பிரஷ்ஷைக் கழுவித் துடைத்து நிமிர்த்தி வைத்தார். "தொறக்க மாட்டேன் சார்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. சாமானை அனுப்ப மூன்று வாரம்தான் இருந்தது. வேலை செய்ய வந்த இடத்தில் இதென்ன பிடிவாதம் என்று பத்துப் பேர் முன்னால் கேட்டேன். அவர் என்னைப் பார்த்துக் குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"எங்க ஊட்டுக்காரரு நசரத்பேட்டையாண்ட போனாரு சார். ஆஸ்பத்திரில மூட்டையா கட்டிக் குடுத்தாங்க. மூஞ்சி மட்டுந்தான் தெரிஞ்சிது. கண்ணு தொறந்துகினு இருந்துச்சி. மூடலாம்னு கைய நீட்னேன், நாலு பேரு என்ன இழுத்துகினு வந்துட்டாங்க. ஊட்டாண்ட கொண்டாந்தப்புறம் மூடிப் பாத்தேன், மூடல. லேட்டாயிடுச்சி, இனிமே மூடாதுன்னுட்டாங்க. அந்தக் கண்ணோடதான் அனுப்பி வெச்சேன். இவங்களும் கண்ண மூட ஆள் இல்லாமத்தான செத்தாங்க. நான் மூடிட்டேன். மூடுனத நானே தொறக்க மாட்டேன்."

வெட்கமாக இருந்தது. ஆனாலும் வேலை வேலைதானே என்று முதலாளி ஜெகதீசனிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, கெடு நெருங்கினால் மட்டும் ஆள் மாறிவிடுவார்.

"யோவ் உத்தமா, இது இன்னா எழவு வூடா? தொறக்க சொல்லு. முடியாதுன்னா நாளைலேந்து வர வேணான்னு சொல்லிடு. வேற யார்கிட்டயாச்சும் குடு."

வேறு யாரிடம் கொடுப்பது? கூடத்தில் தட்டை ஒரு சுற்று எடுத்துப் போனேன். "சாதாப் பொணமே தொட மாட்டோம்னோம், கண்ண மூடி அனுப்சி வெச்ச பொணத்த எழுப்பச் சொல்றீங்களே" என்றார் ரேணுகா. கடைசியில் நானே உட்கார்ந்தேன். முதல் ஆளுக்கு ஒன்றரைக் கண் வந்தது. இரண்டாவது ஆளுக்குக் கருவிழி கன்னத்துக்கு இறங்கிவிட்டது. ராஜம்மா பக்கத்தில் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த இரண்டு பேரையும் என் கையிலிருந்து வாங்கி, துணியால் துடைத்து, மறுபடி மூடிவிட்டார்.

அப்புறம் நேராக நிஷாவிடம் போனார். "நிஷா பாப்பா, அந்த ஊர்ல இன்னா நடந்துச்சோ முழுசா படிச்சுக் காட்டு."

மதியச் சாப்பாட்டு நேரம். நிஷா கைபேசியை வைத்துக்கொண்டு படித்தாள், நானும் நின்று கேட்டேன். ராஜம்மா கேட்ட கேள்விகள் வேறு மாதிரி இருந்தன. எத்தனை மணிக்கு வந்தாங்க? சாயங்காலம் ஆகப்போகும் நேரம். அதுக்குள்ள சாப்ட்டுட்டாங்களா? நிஷா தெரியவில்லை என்றாள். காவலுக்கு ஆள் போட்டிருந்தாங்களா? போட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது அக்கா என்றாள். வந்து விழுந்தப்போ இவங்க இன்னா பண்ணாங்க?

"நிறைய பேர் ஓடிட்டாங்க அக்கா. கூட்டமா ரோட்ல ஓடியிருக்காங்க, பின்னாடியே துரத்திட்டு வந்து குத்தியிருக்காங்க."

"ஓடறவன முதுவுல குத்துனா எப்டி வுழுவான்?"

நிஷா என்னைப் பார்த்தாள். நான் "குப்புற" என்றேன்.

"அப்போ எல்லாரையும் ஏன் மல்லாக்கப் படுக்க வெச்சீங்க?"

படம் போட்டதே நானும் நிஷாவும்தான். பலகையில் செத்தவர்களை அழகாக, முகம் தெரிகிற மாதிரி, மல்லாக்கப் படுக்க வைத்திருந்தோம். முகம் தெரியாவிட்டால் வண்ணம் பூசிய காசு வீண் என்பது எங்கள் கணக்கு. இப்போது ஒருவனை எடுத்துக் குப்புறப் போட்டுப் பார்த்தேன், கண் தெரியவில்லை.

குப்புறப் போடுவது என்றால் சும்மா புரட்டிவிட முடியாது. முதுகை யாரும் தீட்டவில்லை. தோள்பட்டை வார், முதுகுப் பை, சுருட்டிய போர்வை என்று வார்ப்பில் எல்லாம் உண்டு, வெறும் உலோகமாக. விரித்த கைகளைச் சூடுகாட்டிக் குறடால் வளைத்து மடக்க வேண்டும், அப்போதுதான் தரையில் பதியும். ஜெகதீசனிடம் ராஜம்மாவே போய் நின்றார். "பத்து நாள் குடுங்க சார். முடிக்கலன்னா நீங்க சொல்லவே வேணாம், நானே நின்னுக்கறேன்." அவர் காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சரி என்று தலையாட்டினார்.

ஒன்பதே நாள். காலை ஏழு மணிக்கு வந்து பூட்டின கூடத்து வாசலில் எனக்காகக் காத்து நிற்பார். டிபன் பாக்ஸை மேசையிலேயே திறந்து, இடது கையால் பொம்மையைப் பிடித்துக்கொண்டே சாப்பிடுவார். மூன்றாம் நாள் ரேணுகா தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் போய், "முதுவுதான, முதுவுல இன்னா தோஷம்" என்று வார்களுக்குப் பழுப்பு பூச ஆரம்பித்தார். அறுபத்து மூன்று பேர் முகத்தை மண்ணில் வைத்துப் படுத்தார்கள். அந்தப் பலகையைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். முன்பு அழகாக இருந்தது, இப்போதுதான் சண்டையாக இருந்தது.

ஒருவன் மட்டும் மிச்சம். அவனைப் புரட்ட வழியில்லை. ஒரு வீட்டுச் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, துப்பாக்கியை மடியில் போட்டு உட்கார்ந்தபடி செத்தவனாக வார்த்திருந்தார்கள். மார்பில் ஒரு கறை. கண் மூடியிருந்தது.

புதுப் படம் போனது. பதில் வந்தது. குப்புற விழுந்தவர்கள் மிகச் சரி, இதை நாங்களே யோசித்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். நான் மூச்சு விட்டேன். கீழே இன்னொரு வரி இருந்தது. சுவரில் சாய்ந்தவனுக்கு மட்டும் கண்ணைத் திறந்துவிடவும், பார்வையாளர் காணும் ஒரே முகம் அது.

ஜெகதீசன் கூடத்துக்கே வந்துவிட்டார். இந்த முறை குரலில் சூடு இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. "ஒர்த்தன்தான ராஜம்மா. அறுவத்து மூணு பேர உன் இஷ்டத்துக்கு வுட்டுட்டாங்க. ஒர்த்தனுக்கு ரெண்டு புள்ளி வை. நாளைக்கு பெட்டி கட்டணும். இது திரும்பி வந்தா அட்த்த ஆர்டரும் கெடயாது, சொல்லிட்டேன்."

கூடமே கையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. ராஜம்மா அந்தச் சுவர்க்காரனை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"திடீர்னு வந்து அடிச்சாங்கன்னுதான சார் சொன்னீங்க" என்றார். "எல்லாரும் ஓடறாங்க, இவன் ஒர்த்தன் குந்திகினு கீறான். துப்பாக்கி மடில கீது, கைல புடிக்கவே இல்ல. ஏன் எழுந்து ஓடல? சாப்ட்டுட்டு செவுத்துல சாஞ்சி தூங்கிட்டான் சார். தூக்கத்துலயே போய்ட்டான். தூங்கறவனுக்குக் கண்ண எப்டி தொறக்கறது?"

நான் நிஷாவின் மேசைக்குப் போனேன். அவளைத் தள்ளி உட்காரச் சொல்லி, எனக்குத் தெரிந்த ஓட்டை ஆங்கிலத்தில் நானே எழுதினேன். ஐயா, அவன் தூங்கிக்கொண்டிருந்தான். துப்பாக்கி மடியில் இருப்பதைக் கவனியுங்கள். அறுபத்து நான்கு பேரில் ஒருவனுக்காவது என்ன நடந்தது என்றே தெரியாமல் போயிருக்கலாம். திடீர்த் தாக்குதல் என்றால் அதுவும்தானே. எங்கள் பணியாளர் அவனை அப்படித்தான் தீட்டியிருக்கிறார், அவனை எழுப்ப நாங்கள் விரும்பவில்லை. உத்தமன், மேற்பார்வையாளன். யாரிடமும் கேட்காமல் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் பதினொரு மணிக்குப் பதில் வந்தது. அப்படியே அனுப்புங்கள் என்று ஒரே வரி. நிஷா சத்தமாகப் படித்தாள். ரேணுகா கையைத் தட்டினார். ஜெகதீசன் எல்லோருக்கும் டீ சொல்லச் சொன்னார்.

ராஜம்மாவிடம் போனேன். பெட்டியில் பஞ்சு விரித்துச் சுவர்க்காரனைக் கிடத்திக்கொண்டிருந்தார். செய்தியைச் சொன்னேன்.

"ஒண்ணு கேக்கணும் ராஜம்மா" என்றேன். "அவன் தூங்கிட்டுதான் இருந்தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பெட்டிக்குள் குனிந்து, அவன் முகத்தின் மேல் மெல்லிசாக ஒரு பஞ்சுத் துண்டைப் போர்த்தினார்.

"எனக்கு எப்டி சார் தெரியும்? நான்தான் தூங்க வெச்சேன்."